காலி அறையின் புவியியல்

கிராண்ட் கேன்யனின் வடகரையில் நின்று தெற்கே பார்த்தால், இருட்டிய பிறகு எதிர்க்கரை விடுதிகளின் விளக்குகள் தெரியும். நேர்கோட்டில் 16 கி.மீ. தூரம்தான். அந்த விளக்குகளில் ஒன்றின் கீழே போய்ப் படுக்க வேண்டுமானால் சாலை வழியாக ஏறத்தாழ 340 கி.மீ. ஓட்ட வேண்டும். ஐந்து மணி நேரம் ஆகும். நடுவே இருப்பது கொலராடோ ஆறு ஐம்பது அறுபது லட்சம் ஆண்டுகளாக அறுத்துவைத்த பள்ளம்.

வடகரையில் பூங்காவுக்குள் இருந்தது ஒரே ஒரு விடுதி. 1928இல் கட்டப்பட்டு, 1932இல் எரிந்து, 1937இல் மறுபடி எழுந்தது. 2025 ஜூலை 4 அன்று மின்னல் விழுந்து பற்றிய காட்டுத்தீ, பத்து நாளுக்குள் அதை மீண்டும் சாம்பலாக்கியது. அங்கிருந்து 70 கி.மீ. வடக்கே, ஜேக்கப் லேக் என்னும் சிற்றூரில் தங்க இடம் உண்டு.

அமெரிக்காவின் மேற்கில் தேசியப் பூங்காக்களை மோட்டார் சைக்கிளில் சுற்றுகிறவர்களுக்குத் தங்குமிடம் என்பது மாலைதோறும் புதிதாகப் பிறக்கும் கேள்வி. காரில் போகிறவர் ஓராண்டுக்கு முன்பே அறை பதிந்துவிட்டு அந்தத் தேதிகளின்படி நகரலாம். பைக்கில் போகிறவருக்கு அது கடினம். மதியம் இடிமழை வந்தால் ஒதுங்கவேண்டும். குறுக்குக் காற்று பலமாக வீசினால் 500 கி.மீ. என்று நினைத்த நாள் 300இல் முடியும். மணிக்கட்டும் முதுகும் போதும் என்று சொன்னால் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஆகவே பலர் முன்பதிவு இல்லாமல் கிளம்பி, பிற்பகலில் தேடத் தொடங்குகிறார்கள். தேடும்போது கண்ணில் படுவது அறைகள் நிரம்பிவிட்டன என்ற பலகை.

கூட்டம்தான் காரணம் என்று சொல்லிவிடலாம். 2021இல் சயான் பூங்காவுக்கு 50 லட்சம் வருகைகள், யெல்லோஸ்டோனுக்கு 48 லட்சத்துக்கும் மேல். ஆனால் உலகில் மற்ற இடங்களில் கூட்டம் வந்தால் பின்னாலேயே விடுதிகளும் வந்துவிடும். இங்கே அப்படி வரவில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால், விடுதித் தொழிலில் தொடங்கிய கேள்வி மழையில் போய் முடிகிறது.

பசிபிக் பெருங்கடலிலிருந்து கிழக்கே வரும் ஈரக்காற்று முதலில் சியரா நெவாடா மலைத்தொடரில் மோதி, மேலேறி, குளிர்ந்து, அங்கேயே மழையையும் பனியையும் கொட்டிவிடுகிறது. அதைத் தாண்டி வரும் காற்று உலர்ந்தது. அதன் பிறகும் அடுத்தடுத்து மலைகள், ஒவ்வொன்றும் மிச்ச ஈரத்தில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. யூட்டாவின் மோவாப் நகரத்தைக் காற்று எட்டும்போது ஆண்டுக்கு 250 மி.மீ. மழைகூடத் தேறாது. பாசனமில்லாமல் பயிர் செய்யக் குறைந்தது 500 மி.மீ. வேண்டும் என்பது அந்நாட்டில் நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு.

அந்தக் கணக்கை அரசின் முன் வைத்தவர் ஜான் வெஸ்லி பவல். உள்நாட்டுப் போரில் வலக்கையை இழந்தவர். 1869இல் நான்கு படகுகளில் ஒன்பது பேருடன் கொலராடோ ஆற்றில் இறங்கி, கிராண்ட் கேன்யனை ஆற்று வழியே கடந்து வந்தவர். 1878இல் அவர் எழுதிய வறண்ட நிலங்கள் பற்றிய அறிக்கை, அந்தக் காலத்து நம்பிக்கைக்கு நேர் எதிராக நின்றது. 1862ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி, ஐந்தாண்டு குடியிருந்து உழுபவருக்கு 160 ஏக்கர் அரசு நிலம் சொந்தமாகும். கிழக்கின் மழைப்பகுதியில் ஒரு குடும்பம் பிழைக்க அது தாராளம். மேற்கில் அது போதவே போதாது, மேய்ச்சலை நம்பும் குடும்பத்துக்கு 2,560 ஏக்கர் வேண்டும் என்றார் பவல். அன்று அதைக் கேட்க விரும்பியவர்கள் குறைவு. ஆனால் மழை அவர் பக்கம் நின்றது. ஆற்றோரம் இருந்த கொஞ்சம் நிலத்தைக் குடியேறியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மிச்சத்தைச் சீண்ட ஆளில்லை.

யாரும் எடுக்காத நிலம் அரசிடமே தங்கிவிட்டது. 1976இல் வந்த சட்டம் அதைப் பொதுவாக இனி விற்பதில்லை, பொதுச்சொத்தாகவே வைத்துக்கொள்வது என்று உறுதிசெய்தது. இன்று யூட்டாவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், நெவாடாவில் ஐந்தில் நான்கு பங்கும் மத்திய அரசின் நிலம். பூங்காவின் வேலியைத் தாண்டினால் தேசிய வனம். அதைத் தாண்டினால் நில மேலாண்மைப் பணியகத்தின் பாலை. விடுதி கட்ட நினைப்பவருக்கு மனை கிடைப்பது, 150 ஆண்டுகளுக்கு முன் தண்ணீர் இருந்த சில சிறு பள்ளத்தாக்குகளில் மட்டும்தான். ஸ்பிரிங்டேல், டோரி, எஸ்கலான்ட்டே, மோவாப் என்று வரைபடத்தில் தெரியும் ஊர்ப்பெயர்கள் எல்லாம் ஏதாவது ஓர் ஓடையின் ஓரத்தில் இருப்பதைப் பாருங்கள். யூட்டாவில் கிரீன் ரிவர் நகரத்தைவிட்டு 70ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் சுமார் 170 கி.மீ. தூரத்துக்குப் பெட்ரோல் இல்லை, கடை இல்லை, படுக்கை இல்லை. பெரும்பாலான பைக்குகளின் டாங்கி 250, 300 கி.மீ.க்குத்தான் தாங்கும் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த எண்ணின் கனம் புரியும்.

எனக்குப் பெரும் வியப்பாக இருப்பது இதற்கு அடுத்த படி. அறையைப் பறித்த அதே காரணம்தான் அறையில்லாதவருக்கு இடமும் தருகிறது. விற்கப்படாத அந்த நிலம் எல்லாருக்கும் பொதுவானது என்பதால், தேசிய வனங்களிலும் பணியக நிலங்களிலும் பெரும்பாலான இடங்களில் கூடாரம் அடித்து இலவசமாகத் தங்கலாம். முன்பதிவு வேண்டாம், கட்டணம் இல்லை. ஒரே இடத்தில் பொதுவாக 14 நாள் வரை தங்கலாம். பணியகத்தின் கையில் மட்டும் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. அமெரிக்க நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. மழையை நம்பிய உழவுக்கு உதவாது என்று பவலின் அறிக்கையில் தெரிந்த நிலம், இரவு எட்டு மணிக்கு இடம் தேடும் ஒருவருக்கு உலகின் மிகப்பெரிய சத்திரமாக விரிகிறது. தனியாருக்குப் போயிருந்தால் இந்த வழக்கம் இருந்திருக்காது என்பதை நினைக்கும்போது, பொதுநிலத்தைக் காப்பதற்காக நூறாண்டுகளாக வாதாடியவர்கள் மீது மரியாதை கூடுகிறது.

அதற்கும் ஒழுங்கு உண்டு. பூங்கா எல்லைக்குள் இந்த உரிமை கிடையாது. அங்கே குறித்த முகாம்களில் மட்டும்தான் தங்கலாம். ஏற்கெனவே பிறர் தங்கிய தடமுள்ள இடத்தில், நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளிக் கூடாரம் அடிப்பது நல்லது. மோவாப் சுற்றுப்புறத்தில் கூட்டம் அதிகமாகிவிட்டதால் குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே அனுமதி. கழிவைச் சேர்த்து எடுத்துச்செல்லும் ஏற்பாடும் கையில் இருக்கவேண்டும். கோடையில் நெருப்பு மூட்டத் தடை அடிக்கடி வரும். நவாஹோ மக்களின் நிலம் பொதுநிலமே இல்லை. வரைபடத்தில் வெறுமையாகத் தெரிந்தாலும் அது அவர்களுடைய நாடு. அவர்களுடைய அனுமதிச்சீட்டு இல்லாமல் அங்கே கூடாரம் அடிக்கக்கூடாது.

எங்கே படுப்பது என்று முடிவெடுக்குமுன் பார்க்கவேண்டிய இன்னொரு எண், உயரம். கார்க்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டு மறந்துவிடுவார். பைக்கில் போகிறவர் ஒவ்வொரு நூறு மீட்டரையும் தோலால் உணர்கிறார். சயான் பள்ளத்தாக்கின் தரை 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிரைஸ் கேன்யனின் விளிம்பு 2,400 மீட்டரைத் தாண்டுகிறது. இரண்டுக்கும் இடையே சுமார் 135 கி.மீ. சாலை. மேலே போகப் போக அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது, விரியும் காற்று குளிர்கிறது. உலர்ந்த காற்றாக இருந்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி. ஈரமிருந்தால் நீராவி சுருங்கித் துளியாகும்போது வெளிவிடும் வெப்பம் அந்தக் குளிர்ச்சியைக் குறைக்கும், சராசரியாக 6.5 டிகிரி என்பார்கள். இது பாலை என்பதால் பகலில் பெரிய எண்ணுக்கு அருகிலேயே இருக்கும். பிற்பகலில் சயானில் 38 டிகிரியில் வெந்தவர், அந்தி சாயும் முன்பு பிரைஸில் சட்டைமேல் சட்டை போடுவார்.

உயரத்தோடு வேகமும் சேர்கிறது. காற்றின் வேகம் குளிரைக் கூட்டுவதை முதலில் அளந்தவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசல் என்ற இருவர். அண்டார்க்டிகாவில் பிளாஸ்டிக் உருளையில் தண்ணீரை நிரப்பிக் காற்றில் தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார்கள். 2001இல் திருத்தப்பட்ட சூத்திரத்தில் பைக்கின் வேகத்தைப் போட்டுப் பார்த்தால், காற்று 10 டிகிரியாக இருக்கும்போது மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகிறவரின் திறந்த தோலுக்கு அது 4 டிகிரி. 5 டிகிரியாக இருந்தால் உறைநிலைக்கும் கீழே 3. நல்ல உடுப்பு இதில் பெரும்பகுதியைத் தடுக்கும். ஆனால் உடல் நெடுநேரம் வெப்பம் இழந்துகொண்டே இருந்தால் விரல் மரத்துப்போகும், அதோடு யோசிக்கும் திறனும் மங்கும். இன்னும் 60 கி.மீ. போனால் அடுத்த ஊர், போய்விடலாம் என்று தோன்றுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். குளிர ஆரம்பிக்குமுன்பே தங்குமிடத்தை முடிவுசெய்யச் சொல்வதற்கு உடலியல் காரணம் இது.

வடகரையில் இடம் கிடைக்காதவர் இந்த அறிவைக் கையோடு பயன்படுத்தலாம். ஜேக்கப் லேக் 2,400 மீட்டர் உயரம். அங்கிருந்து கிழக்கே கைபாப் பீடபூமியிலிருந்து இறங்கினால், சுமார் 65 கி.மீ. தூரத்தில் 1,100 மீட்டர் உயரத்தில் மார்பிள் கேன்யன். அங்கும் வழியிலும் சில சிறு விடுதிகள் உண்டு. பகலானால் பத்து டிகிரிக்கு மேல் சூடு கூடியிருக்கும். மேலே அறை கிடைத்தால் தூக்கம் நன்றாக வரும்; அறை இல்லை, கூடாரம்தான் என்றால் இறங்கிவிடுவது உத்தமம்.

இறங்கலாம், ஆனால் குழிக்குள் இறங்கக்கூடாது. மேகமோ ஈரமோ இல்லாத பாலை இரவில், தரை தன் வெப்பத்தை நேராக வானத்துக்கு விட்டுவிடுகிறது. போர்வை இல்லாமல் படுத்தவர் நிலைமைதான் பூமிக்கும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். யூட்டாவின் வடக்கே பீட்டர் சிங்க்ஸ் என்ற கிண்ணப் பள்ளம் இருக்கிறது. 1985 பிப்ரவரி 1 அன்று அங்கே பதிவான வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே 56 டிகிரி. குளிர் அவ்வளவு தேங்குவதால் அதன் அடித்தரையில் மரம் வளர்வதில்லை. சுற்றியுள்ள சரிவில் மேலே மட்டும் மரங்கள் நிற்கின்றன. வழக்கமான காட்டு வரிசை அங்கே தலைகீழாக இருக்கிறது. கூடாரத்தைப் புல்வெளியின் நடுப்பள்ளத்தில் அடிக்காமல் சற்று மேலே மரவரிசைக்குள் அடித்தால், அதிகாலையில் சில டிகிரி மிச்சமாகும்.

வறண்ட ஓடைப்படுகையும் ஆகாது. மணல் மெத்தென்று இருக்கும், ஆசை காட்டும். 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆன்டலோப் பள்ளத்தாக்கில் 11 பேரை வெள்ளம் கொண்டுபோனது. மழை பெய்தது அங்கில்லை, பல கி.மீ. தள்ளி. பாறைத்தரை நீரை உறிஞ்சாது, அப்படியே கீழே அனுப்பிவிடும்.

இருட்டிய பிறகும் ஓட்டிக்கொண்டே அறை தேடலாமா என்றால், வேண்டாம் என்றே அழுத்திச் சொல்வேன். மான்கள் அந்தியிலும் விடியலிலும் மேய வெளிவருபவை. மேற்கில் பல மாவட்டங்களில் வேலியில்லாத மேய்ச்சல் வழக்கமும் இருப்பதால், கறுப்பு மாடுகள் சாலையிலேயே நிற்கும். மணிக்கு 90 கி.மீ. என்றால் நொடிக்கு 25 மீட்டர். பார்த்து, உணர்ந்து, பிரேக்கைத் தொட ஒன்றரை நொடி. அதற்குள் 37 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் நன்றாகப் பிடித்தாலும் நிற்க இன்னும் 45 மீட்டர். மொத்தம் 82. டிம்மில் வைத்த முகப்பு விளக்கு தெளிவாகக் காட்டுவது 50, 60 மீட்டர். இடையில் இருக்கும் அந்த இருபது சொச்சம் மீட்டரில் என்ன நிற்கிறது என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. காரில் மோதினால் முன்பக்கம் நசுங்கும். பைக்கில் மோதினால் ஆள் விழுவார். ஆகவே பைக்குக்காரரின் கடைசி நேரம் என்பது நள்ளிரவு இல்லை, சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பு.

அந்தக் கெடுவுக்குள் ஓர் அறை கிடைக்க வாய்ப்பு எவ்வளவு? இங்கே கணிதம் ஓர் ஆறுதல் தருகிறது. 100 அறைகள் உள்ள ஒரு விடுதி முழுவதும் பதிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பதிவும் கடைசி நாளில் ரத்தாக நூற்றில் இரண்டு வாய்ப்புத்தான் என்று கொள்வோம். ஒன்றாவது ரத்தாகும் வாய்ப்பு எவ்வளவு? ஒன்றுகூட ரத்தாகாமலிருக்க 0.98ஐ நூறு முறை பெருக்கவேண்டும், விடை 0.13. அதாவது அந்த நாளில் ஓர் அறையாவது திறக்க 87 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. பத்தே அறையுள்ள மோட்டலில் இதே கணக்கு 18 விழுக்காடுதான் தரும். பெரிய விடுதி நிறைந்திருக்கும் என்று நினைத்துச் சிறியதைத் தேடிப் போவது பலரின் இயல்பு. கணக்கு பெரியதையே முதலில் கேட்கச் சொல்கிறது. 1904இல் திறந்து இன்று முன்னூறுக்கும் மேற்பட்ட அறைகளுடன் நிற்கும் யெல்லோஸ்டோனின் ஓல்டு ஃபெய்த்ஃபுல் விடுதியும், நூறுக்கும் மேல் அறையுள்ள சயான் விடுதியும் எப்போதும் நிறைந்தவை என்று பெயரெடுத்தவை. ஒருவர் ரத்துசெய்த அறை சில நிமிடங்களுக்காவது திறந்திருக்கும் இடங்களும் அவையே. பூங்கா விடுதிகளை ஓராண்டுக்கு முன்பே பதிபவர்களில் பலர் ஒன்றுக்கு மேற்பட்ட தேதிகளைப் பிடித்துவைத்துக்கொண்டு, பணம் திரும்பக் கிடைக்கும் கெடு முடியுமுன் வேண்டாததைக் கைவிடுகிறார்கள். அந்தக் கெடுவை அறிந்து அதையொட்டித் தேடுகிறவருக்குப் பலன் அதிகம். தனியாகப் போகிறவருக்குத் தேவை ஒரே ஓர் அறை என்பதும் அவர் பலம்.

மலிவாகக் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்கக்கூடாது. 1972இல் பிரிட்டிஷ் விமான நிறுவனமொன்றில் பணியாற்றிய கென் லிட்டில்வுட் ஒரு விதியைச் சொன்னார்: கடைசியில் கூடுதல் விலை கொடுக்க ஆள் வரும் வாய்ப்புப் போதுமான அளவு இருக்கும்வரை, மலிவு விலைக்கு இருக்கையை விட்டுவிடாதே. விமானத்துக்குச் சொன்னதை விடுதிகளும் கற்றுக்கொண்டன. கோடையில் அந்தி நேரத்து அறை விலையேறியே இருக்கும்.

ரத்துகள் ஒன்றையொன்று சாராதவை என்ற என் கணக்கின் அடிப்படை சில நாள்களில் உடைந்துபோகும். புகை சூழ்ந்தால், வெள்ளம் வந்தால் எல்லாரும் ஒரே நாளில் ரத்துசெய்வார்கள். நேற்றுவரை நிறைந்திருந்த ஊரில் இன்று அறைகள் தாராளமாகக் கிடைத்தால், மகிழ்வதற்கு முன்பு காரணத்தைக் கேளுங்கள். 2022 ஜூன் 13 அன்று யெல்லோஸ்டோனில் ஆறுகள் பெருகிச் சாலைகளை அறுத்தபோது ஐந்து நுழைவாயில்களும் மூடப்பட்டன. 10,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். தென்பகுதியைத் திறந்தபோது வண்டி எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து ஒருநாள்விட்டு ஒருநாள் உள்ளே விட்டார்கள். பூங்காவுக்குள் இரவு தங்கப் பதிவு வைத்திருந்தவர்களுக்கு மட்டும் எந்த நாளும் அனுமதி. அறையே நுழைவுச்சீட்டாகிவிட்டது.

யெல்லோஸ்டோனில் கூடாரக்காரருக்கு வேறொரு கணக்கும் உண்டு. ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கிரிஸ்லி கரடிகளின் நடமாட்டத்தால் துணிக்கூடாரத்துக்கே இடமில்லை, கெட்டியான சுவருள்ள வண்டிகளுக்கு மட்டும்தான். மற்ற முகாம்களில் கார்க்காரர் உணவைக் காருக்குள் பூட்டிவிடுவார். பைக்கின் பக்கப்பெட்டி கரடிக்கு ஒரு தடையே இல்லை. ஆகவே இரும்புப் பெட்டி வைத்திருக்கும் முகாமா என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்டவேண்டும். நடந்தும் மிதிவண்டியிலும் வருகிறவர்களுக்கென்று ஒதுக்கிய மலிவான இடங்களைப் பார்த்து பைக்குக்காரர்கள் ஆசைப்படுவதுண்டு. மோட்டார் பூட்டிய எதற்கும் அங்கே இடமில்லை.

கடைசியாக, கடிகாரம். சிறு விடுதிகளில் வரவேற்பு மேசை இரவில் மூடிவிடும். தாமதமாக வருகிறவர் முன்கூட்டியே அழைத்துச் சொல்லவேண்டும். பூங்காக்களுக்குள் செல்பேசிக்குச் சிக்னல் பெரும்பாலும் கிடையாது என்பதால், சிக்னல் உள்ள ஊரைத் தாண்டுமுன் அழைப்பது அவசியம். கோடையில் யூட்டா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கிறது, அரிசோனா தள்ளுவதில்லை. அரிசோனாவுக்குள் இருக்கும் நவாஹோ நாடு தள்ளுகிறது. நவாஹோ நாட்டால் சூழப்பட்ட ஹோப்பி மக்களின் நிலம் தள்ளுவதில்லை. மானுமெண்ட் வேலியிலிருந்து கிராண்ட் கேன்யனின் தென்கரைக்குப் போகும் வழியில் டூபா சிட்டி வரும். அது நவாஹோ ஊர். சாலைக்கு அந்தப் பக்கம் மோயன்கோபி. அது ஹோப்பி ஊர். இரண்டிலும் தங்க விடுதி உண்டு. கோடையில் டூபா சிட்டியில் இடமில்லை என்று எட்டு மணிக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர் சாலையைக் கடந்து மோயன்கோபி விடுதியின் மேசைக்குப் போய் நின்றால், அங்கே சுவரில் மணி ஏழுதான் ஆகியிருக்கும்.